லாரிக் கதவைச் சாத்தச் சொன்ன கமிட்டி

அலுவலகம்,
திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. இன்று காலை கமிட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், போன வருஷம் அடைத்த கடைவாய்ப் பல்லின் சிமெண்டு பெயர்ந்து வாயில் வந்துவிட்டது. துப்பினால் மரியாதையாக இருக்காதே என்று விழுங்கித் தொலைத்தேன். அரசாங்க உத்தியோகத்தில் நான் விழுங்கிய பொருள்களில் அதுதான் கொஞ்சம் மிருதுவானது.

விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுக்கு ஐம்பது வயது ஆகிறது. எனக்கு ஐம்பத்து நான்கு. நாட்டுக்குப் பொன்விழாத் தபால்தலை போடுகிறார்கள், எனக்கு மூட்டுவலி மாத்திரை போடுகிறார்கள். மொத்தம் நான்கு தபால்தலைகள். பள்ளிக்கூடம், அறுவடை, ரயில், பாலம். மற்ற மூன்றையும் யார் வேண்டுமானாலும் வரையட்டும் என்று விட்டுவிட்டு, பாலத்தை மட்டும் நான் அடித்துப்பிடித்து வாங்கினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அத்தானுக்காக.

கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் அத்தானிடம் கேட்டுத் திருத்து. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பாலத்துக்குச் சுமை சோதனை. கருங்கல் ஏற்றிய ஒன்பது லாரிகள் கரையில் நிற்கின்றன. முந்தின வருஷம்தான், கட்டிக்கொண்டிருந்தபோதே பாலத்தின் நடுப்பகுதி இடிந்து பதினான்கு பேர் ஆற்றோடு போயிருந்தார்கள். அதனால் டிரைவர்கள் யாரும் வண்டியில் ஏறவில்லை. ஒருவனுக்கு வயிற்று வலி, ஒருவனுக்குக் கண்ணில் தூசு. கடைசியில் இருபத்தெட்டு வயது டிரைவர் ஒருவர் ஏறி, ஒற்றை லாரியாகப் பாலத்தின் நடுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே படியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். எனக்கு நீந்தத் தெரியும், லாரிக்குத் தெரியாதே என்று அவர் பிறகு சொன்னார். அவர் திரும்பி வந்ததும்தான் மற்ற எட்டுப் பேருக்கும் வயிற்று வலி நின்றது.

இதைத்தான் வரைந்தேன். பாலம் நீண்டு போகிறது, எதிரே ஒரு லாரி வருகிறது, அதன் கதவு திறந்திருக்கிறது. அக்கா, தற்பெருமை என்று நினைக்காதே, முப்பது வருஷத்தில் நான் ஒழுங்காக வரைந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மூக்கைப் பெரிதாகப் போட்ட தலைவர்களும் வாலைச் சின்னதாகப் போட்ட பறவைகளும்.

கமிட்டித் தலைவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். தபால்தலையை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து சுவரில் மாட்டியிருக்கும், அதையும் கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். இன்று பார்த்துவிட்டு, "கதவு ஏன் தொறந்திருக்கு?" என்றார். சொன்னேன். "சாத்திடுங்க. சின்னப் பிள்ளைங்க பார்ப்பாங்க. ஓடுற வண்டியில கதவைத் தொறக்கலாம்னு அரசாங்கமே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். அதோடு விட்டாரா? "நம்ம பாலத்து மேல நம்பிக்கை இல்லாமத்தான் ஒருத்தர் போனாருன்னு ஆயிடாதா?" என்றார். ஆமாங்க, நம்பிக்கை இல்லாமல்தான் போனார், இருந்தும் போனார், அதுதானே படம் என்றேன். வெள்ளை வேட்டியில் காக்கை எச்சமிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

பக்கத்தில் ஒரு சரித்திரப் பேராசிரியர். பெயர் அடிக்குறிப்பு. நாங்கள் வைத்ததுதான். மனிதர் தண்ணீர் குடிப்பதற்கும் ஆதாரம் கேட்பார். "சொன்னா ஆச்சா? ஆவணம் இருக்கா?" என்றார்.

இருக்கிறதே! அத்தானின் கூட்டாளி ஆற்றங்கரையில் நின்று எடுத்த அந்தப் புகைப்படம். கீழேயிருந்து எடுத்தது, பாலம் உயரத்தில், வலது ஓரத்தில் லாரி, திறந்த கதவு, உற்றுப் பார்த்தால் அத்தானின் கால். உன் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருப்பதை எடுத்து உடனே அனுப்பு. பதிவுத் தபால். என் வீட்டுக்கு அனுப்பாதே. வீட்டுக்கு வந்தால் அது மச்சானின் படம், அலுவலகத்துக்கு வந்து பதிவு எண் விழுந்தால் அது ஆவணம். இந்தச் சூட்சுமம் எல்லாம் உன் தம்பிக்கு அத்துப்படி. ஸ்டுடியோவில் நகல் எடுத்துவிட்டு அனுப்பட்டுமா என்று யோசிப்பாய். உனக்கு எதிலும் ஒரு முன்ஜாக்கிரதை. வேண்டாம், நாள் கடந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது. என்னை நம்பு.

அத்தானுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்து கொடுக்க வருகிற நர்ஸிடமெல்லாம், "ஸ்டாம்புல வரப்போறேம்மா, எச்சில் தொட்டு ஒட்டு, கோவிச்சுக்க மாட்டேன்" என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து உன் தம்பி பெண்டாட்டி சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்த மாட்டேன் என்று அவரிடம் சொல்.

அன்புத் தம்பி


வீடு,
சனிக்கிழமை

அக்கா,

இதை நீ மட்டும் படி. அத்தான் கையில் கொடுக்காதே. காதுதான் கேட்காது, அந்த மனிதருக்குக் கண் கழுகுக் கண். உனக்கோ எதையும் ஒளிக்கத் தெரியாது. சின்ன வயதில் நீ ஒளித்து வைத்த மிட்டாயைக் கண்டுபிடித்துத்தான் நான் இந்த உடம்பை வளர்த்தேன். படித்ததும் கிழித்துவிடு.

படம் வியாழக்கிழமை வந்தது. அட்டை வைத்து, இரண்டு உறை போட்டு, நான்கு பக்கமும் தைத்து அனுப்பியிருந்தாயாம். என் கைக்கு அது அப்படி வரவில்லை. முதலில் தபால் பதிவுப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே ஒரு குமாஸ்தா. டமார் என்று கூப்பிடுவோம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உள்ளே வருகிற ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் 'பெறப்பட்டது' என்று வட்ட முத்திரை குத்துவதுதான் அவர் வேலை. குத்தினார்.

படத்தின் வலது மேல் மூலையில் என்ன இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊதா மை. வழவழப்பான தாளில் மை காயாது. காயாததன்மேல் அடுத்த தாளை வைத்து, அதன்மேலும் ஒரு குத்து. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குக் காதுக்குள் ஙொய் என்றது. போட்டோவில் போய்க் குத்தலாமாய்யா என்று கத்தினேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ள வந்த தாள் எதுவா இருந்தாலும் வலது மேல் மூலை சார். சர்க்குலர் இருக்கு. வேணும்னா காட்டட்டுமா?" என்றார். காட்டினார். அந்தச் சர்க்குலரின் வலது மேல் மூலையிலும் முத்திரை!

இதையும் கேள். வெள்ளிக்கிழமை அடிக்குறிப்பு அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாரி தெரியுது. கதவு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு சொல்ல முடியலையே" என்றார். மறைப்பது எங்கள் அலுவலக முத்திரைங்க என்றேன். "முத்திரை இருக்கிறதாலதான் இது ஆவணம். ஆனா ஆவணத்துல ஒண்ணும் தெரியலை" என்றார். அக்கா, சத்தியமாக இப்படித்தான் சொன்னார். இதையெல்லாம் கற்பனை செய்யும் திறமை எனக்கு இருந்தால் நான் ஏன் தபால்தலை வரைகிறேன்?

பூதக்கண்ணாடிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "எதுக்கு வம்பு? தெறப்பு விழா அன்னிக்குத் தலைவரோட கார் போச்சு. பத்திரிகையிலயே வந்திருக்கு. கார் போட்டுடுங்க. கதவு சாத்தியே இருக்கும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தான் போய்ச் செத்துப் பிழைத்து வந்த பாலத்தில், மூன்று நாள் கழித்து மாலையும் கழுத்துமாக ஊர்ந்த காரை வரைய வேண்டுமாம். நான். திங்கட்கிழமைக்குள்.

கோபத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ஒரு ஜோக் அடித்தேன். காரையும் போட்டு அது நம்பிக்கையோடு போவதற்கு லாரியையும் முன்னால் போடட்டுமா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. குடித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

என் பக்கத்து மேசையில் எழுத்து வரைகிற அம்மாள் இருக்கிறாரே, நல்ல மனசு. ரகசியமாக ஒரு யோசனை சொன்னார். "காரையே போடுங்க. தூரத்துல மூணாவது தூணுக்குப் பின்னால எறும்பு சைஸுல லாரியைப் போட்டுடுங்க. கதவைத் தொறந்தே போடுங்க. எவன் கண்டுபிடிக்கப் போறான்? உங்க மச்சானுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமே" என்றார். எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதல்ல. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் நினைத்தேன், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகவா அந்த மனிதர் போனார்? ஒளிந்துகொண்டிருந்தவர்கள் கரையில் நின்ற எட்டுப் பேர்.

நான் காரை வரைய மாட்டேன். அச்சுக்குப் போகிற தாளில் கையெழுத்தும் போட மாட்டேன். வீட்டில் சொன்னேன். "உங்க கோவத்துல பாதியக் கமிட்டியில காட்டியிருந்தா அந்தக் கதவு தானா தொறந்திருக்கும். எல்லாத்தையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வந்து என் பாத்திரத்து மேல காட்டுங்க" என்றாள். வாஸ்தவம். இன்று இரண்டு மூடிகள் நசுங்கியிருக்கின்றன.

அத்தானிடம் வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லி வை. படம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

தம்பி


வீடு,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

அக்காவுக்கு மூன்று கடிதம் போட்டுப் பதில் இல்லை. உங்கள் மகள் நேற்று போனில் எல்லாம் சொன்னாள். போன மாதக் கடிதத்தை அக்கா அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாளாம், நீங்கள் அதை எடுத்து இரண்டு தடவை படித்தீர்களாம். "கதவைச் சாத்திட்டுப் போனவன் நான் இல்லப்பா. அது வேற எவனோ. அவனையே போடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்களாம். நர்ஸிடமும் அதற்குப் பிறகு ஸ்டாம்புப் பேச்சே இல்லையாம். டாக்டர் சொன்னதையும் உங்கள் மகள் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இனி அக்கா மூலமாக எதுவும் வேண்டாம். நேராகவே எழுதுகிறேன்.

தபால்தலை வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. என் பாலத்தில் லாரியை வெட்டியெடுத்துவிட்டு, வேறொருவர் வரைந்த காரை அந்த இடத்தில் ஒட்டினார்கள். லாரிக்கு நான் போட்ட நிழல் அப்படியே இருக்கிறது. கார் சின்னது, நிழல் பெரிது. நாடு முழுக்க லட்சக்கணக்கில் அச்சாகிப் போகிறது, ஒருத்தன் கண்ணுக்கும் படவில்லை. கீழே வடிவமைப்பு என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "உங்க தன்னடக்கம் எங்களுக்குத் தெரியாதா?" என்று பூதக்கண்ணாடி முதுகில் தட்டினார். தட்டின இடம் இன்னும் எரிகிறது.

வெளியீட்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். வாங்கக்கூடாது என்றுதான் போனேன். கை நீண்டு வாங்கிவிட்டது, முப்பது வருஷப் பழக்கம். ஆனால் எதிரே மைக் இருந்தது. பிடித்துக்கொண்டேன். இருநூறு பேர். இந்தப் பாலத்தில் முதலில் போனது கார் இல்லை, ஒரு லாரி, ஓட்டியவர் பெயர் இது என்று உங்கள் பெயரை, உங்கள் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனார், ஏனென்றால் அவருக்குப் பயமாக இருந்தது, பயந்துகொண்டே போனார், இந்தக் கமிட்டி அதைச் சாத்தச் சொன்னது என்றேன். நான் அழுதுவிடுவேனோ என்றுகூட இருந்தது.

அத்தான், அவர்கள் சிரித்தார்கள்.

முன் வரிசையில் ஒருவர், "ஆரம்பிச்சிட்டாருய்யா!" என்றார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. பூதக்கண்ணாடி மைக்கை வாங்கி, "நம்ம ஆர்ட்டிஸ்ட் இல்லைன்னா எந்த விழாவும் களைகட்டாது" என்றார். கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டியவர்களும் உண்டு. எல்லாக் கூட்டத்திலும் ஏதாவது சொல்லி ஆளைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளியவன் நான். கோபம் வரும்போதெல்லாம் ஜோக்கடித்தேன், பயம் வரும்போதும் ஜோக்கடித்தேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், அதுவும் ஜோக்காகப் போய்விட்டது. இதற்குக் கமிட்டியை மட்டும் எப்படித் திட்டுவேன்? பாதியை அவர்கள் தலையில் போட்டால் மீதி என் தலையில்தான் விழும்.

மறுநாளே என்னைப் படிவப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது முகவரி மாற்ற விண்ணப்பத்துக்குக் கட்டம் போடுகிறேன். பெயருக்கு இருபது கட்டம். நீளப் பெயர்க்காரர்கள் இனி வீடு மாறக்கூடாது. போகட்டும்.

இன்னொன்று இருக்கிறது. அக்காவுக்கு நான் எழுதாதது.

முத்திரை குத்தியது டமார்தான். ஆனால் முத்திரைக்கு அடியில் உங்கள் கதவு மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. காலும் தெரிந்தது. நான்தான் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், ஆத்திரத்தில், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்த மையைத் துடைத்தேன். முப்பது வருஷமாக மையோடு புழங்குகிறவன், பழைய படத்தில் ஸ்பிரிட் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் கைதான் ஓடியது, மூளை ஓடவில்லை. ஊதா மை போகவில்லை. படம்தான் போயிற்று. லாரியின் முன் சக்கரம் இருக்கிறது, பின்னால் கருங்கல் இருக்கிறது. நடுவில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. அடிக்குறிப்பு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னது நியாயமான பேச்சு. நகல் எடுத்துவிட்டு அனுப்புகிறேன் என்றிருப்பாள் அக்கா, வேண்டாம் என்று அவசரப்படுத்தியதும் நான். வீட்டுக்கு அனுப்பாதே, ஆவணமாக்குகிறேன் என்று மேதாவித்தனம் பண்ணியதும் நான். அந்தப் பஞ்சை இன்னும் எறியவில்லை. மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதில்தான் உங்கள் கால் இருக்கிறது.

மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் உடனே, "விடு மச்சான், பழைய போட்டோதானே" என்பீர்கள். அது எனக்கு வேண்டாம். ஒரு தடவையாவது என்னை நன்றாகத் திட்டுங்கள். கல்யாணத்தன்று உங்கள் புதுச் செருப்பை ஒளித்து வைத்து நாள் முழுக்க வெறுங்காலோடு நடக்க விட்டேனே, அன்றைக்கும் நீங்கள் திட்டவில்லை. அதனால்தான் நான் இப்படி ஆனேன்.

ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த காலண்டர், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுவர் அளவுக்குத் தாள் ஒட்டியிருக்கிறேன். இனி ஆறு மடங்கு, பத்து மடங்கு கணக்கெல்லாம் கிடையாது. லாரி லாரியாக வரப்போகிறது, ஆள் ஆளாக வரப்போகிறார். எந்தக் குமாஸ்தாவின் கைக்கும் எட்டாத உயரத்தில் வலது மேல் மூலை. உங்கள் மைத்துனன் பெண்டாட்டி நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாள், திட்டிக்கொண்டேதான். பாலம் முடிந்துவிட்டது. லாரியும் பாதி வந்துவிட்டது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறேன்.

படத்தில் அது இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். வெளியே வைத்தது வலது காலா, இடது காலா? செருப்பு போட்டிருந்தீர்களா, கழற்றிவிட்டீர்களா? கதவு காற்றில் அடித்துக்கொண்டதா, கையால் பிடித்திருந்தீர்களா? பிடித்திருந்தால் ஸ்டியரிங்கில் ஒரு கைதானா? நடுப்பாலத்தில் நின்றபோது கீழே பார்த்தீர்களா? திரும்பி வரும்போதும் கதவு திறந்துதான் இருந்ததா?

நாலு வரி சொல்லுங்கள், உங்கள் மகள் காகிதத்தில் எழுதிக்கொள்வாள். ஆனால் அத்தான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சிரமம், எனக்கும் கை மெதுவாகத்தான் ஓடும். வாரத்துக்கு ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் போதும். இங்கே எழுதியது ஐந்தோ ஆறோதான். லாரியில் இன்னும் எத்தனையோ இருக்கிறது, கல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, கரையில் நின்ற எட்டுப் பேரின் முகம் இருக்கிறது. எனக்குக் கேள்விகள் தீர வெகுநாள் ஆகும். அதுவரை நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

முதலில் எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் திட்டுக்குக் காத்திருக்கும்
மைத்துனன்